அள்ளினால் மட்டும் போதாது, எண்ண வேண்டும்

2024 டிசம்பரில் நெல்லையை அடுத்த நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பகுதிகளில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. மூன்றும் தாமிரபரணித் தண்ணீரை நம்பி வாழும் பகுதிகள். மூட்டைகளுக்குள் ஊசியும் கையுறையும் மட்டுமல்ல, திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர் அச்சிட்ட சீட்டுகளும் இருந்தன, நோயாளிகளின் விவரங்களும் இருந்தன. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. மூன்று நாளில் கேரள அரசே வந்து அகற்ற வேண்டும் என்று அமர்வு உத்தரவிட்டது. டிசம்பர் 22 அன்று கேரளத்து அதிகாரிகள் லாரிகளோடு வந்து, கழிவை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டித் திரும்பிப் போனார்கள்.

கொட்டிய குப்பை கொட்டியவரிடமே திரும்பிப் போவது நம் நாட்டில் அபூர்வம். இங்கே அது நடந்ததற்குக் காரணம், குப்பையில் முகவரி இருந்தது. அதை ஊர்க்காரர்கள் படித்துப் பார்த்தார்கள், படித்ததை உரிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஆற்றையும் கடற்கரையையும் தூய்மைப்படுத்தப் போகும் நம் தன்னார்வலர்கள் பற்றி எழுதும்போது இந்தச் சம்பவம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஓர் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ கையுறை மாட்டிய இளைஞர்கள் குனிந்து நிற்காத வாரம் இல்லை. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலரும் வருகிறார்கள். யாரும் கூலி கேட்பதில்லை. அடுத்த நாள் செய்தித்தாளில் 'இத்தனை டன் கழிவு அகற்றம்' என்று ஒரு பத்தி வருகிறது. அந்த டன் எண்ணிக்கையோடு காரியம் முடிந்துவிடுகிறது. மூட்டைக்குள் என்ன இருந்தது, யார் தயாரித்தது, எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கையில் கிடைத்த சாட்சியத்தைக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே குப்பையை மறுபடி அள்ளுகிறோம். தன்னார்வலரின் உழைப்பை நாம் பாதிதான் பயன்படுத்துகிறோம் என்பது என் வருத்தம். மீதிப் பாதி, எண்ணுவதிலும் எழுதி வைப்பதிலும் இருக்கிறது.

தாமிரபரணியை எடுத்துக்கொண்டு இதைப் பேசுவது நல்லது. பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆறு, ஊற்று முதல் கழிமுகம் வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. காவிரிக்கும் பாலாற்றுக்கும் சொல்வதுபோல் மேலே உள்ள மாநிலத்தைக் காட்டித் தப்பிக்க இங்கே வழியில்லை. ஆற்றில் சேரும் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் பழந்துணியும் பெரும்பாலும் நம்மூர்ச் சரக்குதான். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இந்த ஒற்றை ஆற்றில்தான் கை வைத்திருக்கின்றன. இதன் கரையில்தான் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் இருக்கின்றன. பொருநை என்னும் இந்தத் தாமிரபரணிக் கரை நாகரிகம் 3,200 ஆண்டுப் பழமையானது என்று 2021-ல் சட்டப்பேரவையில் அறிவித்துப் பெருமைப்பட்டோம். அந்த ஆற்றின் இன்றைய நிலையைப் பார்க்க அகழாய்வு தேவையில்லை, பாபநாசம் படித்துறைக்குப் போனால் போதும்.

பாபநாசத்தில் பாறைக்கு அடியில்

மலையை விட்டு ஆறு இறங்கும் இடம் பாபநாசம். பெயரிலேயே பாவம் தீரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுப்பவர்களும் தோஷம் கழிப்பவர்களும் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை அப்படியே ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் இது பல மடங்காகிறது.

அந்தத் துணியை வெளியே எடுப்பது என்ன வேலை என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும். தண்ணீரின் மேலே ஒரு முழம் சேலை நெளிவது தெரியும். பிடித்து இழுத்தால் வராது. பாலியஸ்டர் சேலை மக்காது, கிழியவும் கிழியாது. அது பாறை இடுக்கில் இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல் ஒரு வேட்டி, அதன் மேல் சுடிதார்த் துப்பட்டா, எல்லாவற்றிலும் மணல் ஏறி, ஒரே திரளாக இறுகியிருக்கும். நீச்சல் தெரிந்த இருவர் மூச்சுப் பிடித்து முங்கி, அரிவாளால் அறுத்து, துண்டு துண்டாக மேலே தருவார்கள். கரையில் நிற்பவர்கள் வரிசையாகக் கைமாற்றிப் படியேற்றுவார்கள். ஒவ்வொரு திரளும் ஈரத்தில் ஓர் ஆள் தூக்க முடியாத கனம். உள்ளே கண்ணாடித் துண்டும் ஊக்கும் உடைந்த மண்கலயமும் இருக்கும். கையுறையையும் தாண்டிக் கிழிக்கும். இப்படி டன் கணக்கில் துணி எடுத்த பணிகள் பாபநாசத்தில் பலமுறை நடந்திருக்கின்றன. அடுத்த அமாவாசைக்கு மறுநாளே பாறைகள் மறுபடி சேலை கட்டிக்கொள்கின்றன.

இங்கே ஒரு நோட்டுப் புத்தகம் என்ன செய்ய முடியும்? எந்தத் தேதியில் எத்தனை உருப்படி சேர்ந்தது, புதுத் துணி எத்தனை, பழையது எத்தனை, எந்தப் படியின் அருகே அதிகம் என்று ஓர் ஆண்டு எழுதினால், ஆற்றில் சேரும் துணியில் எத்தனை பங்கு எந்தெந்த நாட்களில் சேருகிறது என்பது தெரிந்துவிடும். அந்த நாட்களில் மட்டும் படித்துறையில் ஆட்களை நிறுத்தவும், துணியை ஆற்றுக்குப் பதில் போடுவதற்குக் கூடை வைக்கவும், பெண்கள் உடைமாற்ற மறைவான அறை ஒதுக்கவும் விக்கிரமசிங்கபுரம் நகராட்சியிடமும் இந்து சமய அறநிலையத் துறையிடமும் கணக்கோடு கேட்கலாம். உடைமாற்ற இடமில்லாத பெண், ஈரத் துணியை அங்கேயே விட்டுவிட்டு அவசரமாகக் கிளம்புவதும் உண்டு. இது நம்பிக்கையை எதிர்க்கும் விஷயமில்லை. துணியை ஆற்றில்தான் விட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதைப் படித்துறையில் திதி செய்து வைக்கும் சாஸ்திரிகளே சொன்னால், நாம் வைக்கும் நூறு பலகைகளைவிட அது பலிக்கும். அவர்களிடம் போய்ப் பேசக் கையில் கணக்கு வேண்டும். 'நிறைய துணி போடுகிறார்கள்' என்ற குறையை எல்லாரும் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

எடை எதையும் சொல்வதில்லை

டன் கணக்கு ஏன் ஏமாற்றும் என்பதற்கும் பாபநாசமே உதாரணம். நனைந்த துணியை நிறுத்தால் பாதிக்கு மேல் தண்ணீரும் மணலும்தான். அதே கரையில் கிடக்கும் ஷாம்பு பாக்கெட் ஒன்று ஒரு கிராம்கூடத் தேறாது. ஆயிரம் பாக்கெட் பொறுக்கினாலும் தராசில் அது மணலேறிய ஓர் ஈரச் சேலைக்கு ஈடாகாது. ஆனால் அந்த ஆயிரமும் பல அடுக்குப் படலத்தால் ஆனவை. மறுசுழற்சிக்கு எடுக்க ஆளில்லை, பழைய பேப்பர்க் கடையில் வாங்க மாட்டார்கள். வெயிலில் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகளாகி, மீன் வயிற்றுக்குள் போகிறவை அவைதான்.

இந்தப் பாக்கெட்டுக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஷாம்பைச் சிறு பாக்கெட்டில் அடைத்து எளியவர் கைக்கும் எட்ட வைத்த யோசனை கடலூர் சின்னி கிருஷ்ணனுடையது. அவர் குடும்பத்தினர் அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். பிறகு பன்னாட்டு நிறுவனங்கள் எல்லாம் அதே வழிக்கு வந்தன. முழு பாட்டில் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு அது பெரிய உதவி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பாக்கெட்டை விற்றுக் காசு பார்த்தவர்கள், காலிப் பாக்கெட்டைத் திரும்ப வாங்கும் வழியையும் செய்திருக்க வேண்டும். அதைத்தான் 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022-ல் அவற்றில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளும் சொல்கின்றன: தயாரித்தவரே திரும்பச் சேகரிக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. ஓர் ஊரின் ஆற்றங்கரையில் எந்த நிறுவனத்தின் உறை எத்தனை கிடக்கிறது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. தன்னார்வலரிடம் இருந்திருக்க வேண்டிய கணக்கு அது.

உலகில் கடற்கரைத் தூய்மைப் பணி ஓர் இயக்கமாகத் தொடங்கியதே எண்ணிக்கையில்தான். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் 2,800 தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். அவர்கள் வெறுமனே அள்ளச் சொல்லவில்லை: பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறிக்கச் சொன்னார்கள். கப்பலிலிருந்து கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடைசெய்யும் மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பை அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு அந்த அட்டைகள் துணை நின்றன. 1988 டிசம்பர் 31 அன்று அந்த விதி உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலகமெங்கும், இந்தியாவில் கடலோரக் காவல் படையின் ஒருங்கிணைப்பில், கொண்டாடப்படும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளின் தொடக்கம் அந்த டெக்சாஸ் பணிதான். நாம் நாளை எடுத்துக்கொண்டோம், டி-ஷர்ட்டையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டோம். அட்டையை விட்டுவிட்டோம்.

அட்டையின் பலம் என்ன என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் இருக்கிறது. 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பொறுக்கிய 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பொருட்களின் பதிவை வைத்து 2024-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பாதிக்கு மேற்பட்ட பொருட்களில் நிறுவனத்தின் பெயர் தெரியவில்லை. பெயர் தெரிந்தவற்றில் சரிபாதிக்கு மேல் 56 நிறுவனங்களுடையவை. கோகோ கோலாவின் பங்கு மட்டும் 11 விழுக்காடு. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு, ஒரு நிறுவனம் பிளாஸ்டிக் உற்பத்தியை 1 விழுக்காடு கூட்டினால் அதன் குப்பையும் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுகிறது என்பது. 'மக்களுக்குப் பொறுப்பில்லை, கண்ட இடத்தில் போடுகிறார்கள்' என்று மட்டுமே பேசிவந்த வாதத்துக்கு இது நேரடியான பதில். அந்தப் பதிலைத் தந்தவர்கள், கடற்கரையில் குனிந்து நின்ற சாதாரண மனிதர்கள்.

கையால் அள்ள முடியாதது

நெல்லை நகருக்குள் வந்துவிட்டால் பிரச்சினையின் முகமே மாறிவிடுகிறது. குறுக்குத்துறையிலும் கொக்கிரகுளத்திலும் ஆற்றில் கலப்பது சாக்கடை. அதைச் சாக்கில் கட்ட முடியாது. கழிவுநீரின் சத்தைத் தின்று ஆகாயத்தாமரையும் அமலைச்செடியும் அடர்கின்றன. மாணவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அவற்றைப் பிடுங்கிக் கரையில் போடுகிறார்கள். சாக்கடையை நிறுத்தாதவரை அது மறுபடி வளரும், யார் பிடுங்கினாலும் வளரும். நல்ல மனம் கொண்ட பிள்ளைகளை இப்படி முடிவில்லாத வேலையில் இறக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அழுக்குத் தண்ணீரில் நிற்பதால் வரும் தோல் நோயும் காய்ச்சலும் அவர்களுக்குத்தான்.

இங்கே தன்னார்வலர் செய்ய வேண்டியது கரையோடு நடப்பது. எந்த இடத்தில் எந்த ஓடை, எந்தக் குழாய் ஆற்றில் விழுகிறது, எந்த நேரத்தில் நுரையோடு வருகிறது என்று கைப்பேசியில் இடக்குறியோடு படமெடுத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் மறுபடி எடுப்பது. தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கக் கோரும் வழக்கில், 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நெல்லைக்கு வந்து ஆற்றங்கரையை நேரில் பார்வையிட்டார்கள். நீதிபதிகள் ஒரு நாள் வரலாம். மற்ற நாட்களில் என்ன நடந்தது என்று தேதியோடு சொல்ல உள்ளூர்க்காரர்தான் வேண்டும். பாதாளச் சாக்கடைத் திட்டம் எத்தனை கட்டமாக வந்தாலும், குழாய் இணைப்பு முடிந்ததா, சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்பதை ஆற்றில் விழும் தண்ணீரின் நிறம் பொய்யில்லாமல் காட்டிவிடும்.

இப்படிக் கணக்கெடுப்பது நம் பகுதிக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. மணிமுத்தாற்றில் இயங்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் மையம் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் குளம் குளமாகப் போய், நீர்க்காகம் எத்தனை, நாமக்கோழி எத்தனை, வரித்தலை வாத்து வந்ததா என்று எழுதித் தருகிறார்கள். பறவையை இனம் கண்டு எண்ணத் தெரிந்த கண்ணுக்குப் பிஸ்கட் உறையை எண்ணுவது பெரிய வித்தை இல்லை.

கழிமுகத்தில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டம் தீவானது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது: கரையோர மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே சேலையும் பாலித்தீன் கவரும் தொங்கிக்கொண்டிருந்தன. மரத்தில் சிக்கியது போக மீதியெல்லாம் கடலுக்குப் போயிற்று. ஆண்டுக்கணக்கில் ஆற்றோரம் சேர்த்து வைத்ததை ஒரு வெள்ளம் ஒரே இரவில் மன்னார் வளைகுடாவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். 21 தீவுகளும் பவளப் பாறைகளும் கடற்பசுவும் உள்ள கடல் அது. 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம்.

ஆகவே இங்கே எப்போது அள்ளுகிறோம் என்பது எவ்வளவு அள்ளுகிறோம் என்பதைவிட முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால், செப்டம்பரில், ஆற்றோரத்தையும் வாய்க்கால் தலைப்பையும் ஓடைகளையும் துடைத்துவிட்டால் அவ்வளவும் கடலுக்குப் போகாமல் தடுத்ததாகிறது. அதே உழைப்பை ஜனவரியில் கடற்கரையில் போட்டால், கடல் திருப்பித் தந்த கொஞ்சத்தை மட்டுமே எடுக்க முடியும். கடற்கரைத் தூய்மை நாள் நமக்குச் செப்டம்பரில் வருவது நல்ல வாய்ப்பு. அந்த நாளில் கடலுக்குப் போவதைவிட ஆற்றுக்குப் போவதே கடலுக்குச் செய்யும் பெரிய உதவி என்பது என் கருத்து.

கடற்கரையிலும் வேலை இருக்கிறது. அங்கே வேறு கவனம் தேவை. புன்னைக்காயல் போன்ற மீனவர் ஊர்களில், கரையில் கிடக்கும் வலை எல்லாம் குப்பை ஆகிவிடாது. காயப்போட்டதும், பழுது பார்க்க வைத்ததும் இருக்கும். ஊர்க்காரரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. கடலில் அறுந்துபோன நைலான் வலைதான் ஆபத்தானது. கைவிடப்பட்ட பிறகும் அது மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். எந்தக் கண்ணி அளவுள்ள வலைத் துண்டு அதிகம் ஒதுங்குகிறது என்று குறித்து மீனவர்களிடம் காட்டினால், அது எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அடும்புக் கொடியைக் களை என்று நினைத்துப் பிடுங்குவதும், ஒதுங்கிய கடற்பாசியை அழுக்கு என்று வாரிக் கட்டுவதும் நடக்கிறது. அடும்பு மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் கொடி. ஒதுங்கும் பாசியை நம்பி நண்டும் பூச்சியும் கரைப்பறவையும் வாழ்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரைகளில் டிராக்டரும் வாரும் இயந்திரமும் ஓட்டவே கூடாது. படத்துக்கு அழகாகச் சீவி வைத்த கரையைவிட, பிளாஸ்டிக் மட்டும் எடுக்கப்பட்டு மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் கிடக்கும் கரையே நல்ல கரை.

ஆற்றை விட்டுக் கடற்கரையில் மட்டும் அள்ளுவதன் எல்லையை மும்பை காட்டியது. வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் வெர்சோவா கடற்கரையில் குப்பை அள்ளத் தொடங்கினார். வாரந்தோறும் கூட்டம் சேர்ந்தது. 2016-ல் ஐ.நா. அவருக்குப் புவியின் காவலர் விருது தந்தது. 2018 மார்ச்சில் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குப் போனதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மும்பை பார்த்தது. அது பெரும் சாதனைதான். ஆனால் ஒவ்வொரு பருவமழையிலும் குப்பை திரும்பத் திரும்ப வந்தது. அவர் பிறகு மித்தி ஆற்றுக்கும், அதன் கரையில் உள்ள குடியிருப்புகளுக்கும் போனார். குப்பை வரும் வழியைத் தேடி மேலே நடந்ததே அவர் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஊற்றுக்கண்ணை அடைப்பது சாத்தியமா என்று கேட்பவர்களுக்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் கால் வைக்க முடியாதபடி உடைந்து கிடப்பது டாஸ்மாக் பாட்டில். தன்னார்வலர்களின் காலைக் கிழிப்பதும் யானையின் காலைக் கிழிப்பதும் அதுதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு நடைமுறை வந்தது: பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாயைத் திருப்பிக் கொடு. பாட்டில்கள் திரும்பி வரத் தொடங்கின. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் அந்த முறை போனது. கண்ணாடிக்கு முடிந்தது தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் ஏன் முடியாது? கரையில் அவை எத்தனை கிடக்கின்றன என்று ஊர் ஊராகக் கணக்கு கொடுத்தால், இந்தக் கேள்வியை அரசு தள்ளிப்போட முடியாது.

எண்ணிக்கொண்டிருந்தால் அள்ளுவது யார், வந்தவர்கள் சலித்துப் போக மாட்டார்களா என்று ஒருங்கிணைப்பாளர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். நூறு மீட்டர் கரையை அளந்து கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து மூட்டைக்கு ஒரு மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிப் பிரியுங்கள். நாலு பேர் பிரிக்க, ஒருவர் எழுத, அரை மணி நேரம் போதும். துணி, கவர், பாக்கெட், பாட்டில், செருப்பு, தெர்மாகோல், மருந்துப் பட்டை, நாப்கின் என்று வகை போட்டு, பெயர் தெரிந்தால் நிறுவனத்தின் பெயரையும் குறியுங்கள். ஊசியும் மருத்துவக் கழிவும் கண்ணில் பட்டால் கையால் தொடாமல் படமெடுத்து உள்ளாட்சிக்குச் சொல்லுங்கள். பிரிக்கும்போது பல விஷயங்கள் தெரியவரும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா விற்கத் தடை. படித்துறையில் புது குட்கா உறை கிடந்தால் பக்கத்துக் கடையில் விற்கிறார்கள் என்று பொருள், அது உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டிய தகவல். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் தடை. அவை இன்னும் எந்தக் கரையில் எத்தனை கிடக்கின்றன என்பதுதான் அந்தத் தடையின் உண்மையான மதிப்பெண்.

தூய்மைப் பணியாளர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல நிகழ்ச்சிகளில் முந்தைய நாளே அவர்களை அனுப்பிக் கரையைப் பாதி சுத்தம் செய்துவிடுகிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மூட்டைகளை ஏற்றுபவர்களும் அவர்களே. படத்தில் மட்டும் அவர்கள் இருப்பதில்லை. மூட்டை எங்கே போகும் என்று முன்கூட்டியே பேசி லாரி வைக்காத இடங்களில் அது கரையிலேயே கிடந்து, நாய் பிராண்டி, அடுத்த மழையில் ஆற்றுக்கே திரும்பும். லாரி வந்தாலும் போய்ச் சேருவது நெல்லையின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு போன்ற இடத்துக்குத்தான். அங்கே தீப்பிடித்துச் சுற்றுவட்டார மக்கள் மூச்சு முட்டிய நாட்கள் பல. ஆற்றிலிருந்து எடுத்ததை ஊரின் காற்றில் கலப்பது தூய்மைப் பணி ஆகாது. ஒரு கரையில் எது எப்போது சேரும், எந்தக் கழிவு எங்கிருந்து வரும் என்று தூய்மைப் பணியாளருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. திட்டமிடும் கூட்டத்துக்கே அவர்களை அழைத்து, உட்கார வைத்து, கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

தன்னார்வலர் வந்துவிட்டதால் உள்ளாட்சி கையைக் கழுவிக்கொள்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெறுமனே அள்ளிவிட்டு வந்தால் அந்தக் குற்றச்சாட்டு உண்மைதான். கணக்கோடு போய் நின்றால் நிலைமை தலைகீழாகும்; அதிகாரி பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிடுவார். போய் நிற்க இடங்களும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நகரங்களில் பகுதி சபை இருக்கிறது. கிராம சபைத் தீர்மானத்தை மாவட்ட நிர்வாகம் ஒதுக்கிவிட்டால், அதுவே பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் மனுவின் முதல் ஆவணம்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமைக்கும் அக்டோபர் 2-க்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கிறது. உங்கள் ஊர் ஆற்றிலோ ஓடையிலோ கடற்கரையிலோ இந்த ஆண்டு இறங்குகிறவர்கள், சாக்கும் கையுறையும் எடுக்கும்போது ஒரு பதிவேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணியதை இரண்டு பக்கத்தில் எழுதி, படங்களோடு நகலெடுத்து, அக்டோபர் 2 கிராம சபையில் வாசியுங்கள். என்ன நடவடிக்கை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். நவம்பர் 1 அன்று அடுத்த சபை கூடும்போது, அதே பதிவேட்டோடு எழுந்து நின்று என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.